டிஸ்னி மாரத்தான் பதிவு: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். ஜனவரியில் ஃப்ளோரிடா டிஸ்னி வேர்ல்டில் நடக்கும் மாரத்தான் வார இறுதிக்கு நானும் அக்காவும் பெயர் கொடுக்கப் போகிறோம். அக்காவுக்கு அரை மாரத்தான் போதும். எனக்கு டோப்பி சேலஞ்ச் மேல்தான் கண்: 5 கி.மீ., 10 கி.மீ., அரை, முழு மாரத்தான் என நான்கு நாளில் 48.6 மைல்! விடியுமுன் இருட்டில் கிளம்பி, சின்ட்ரெல்லா கோட்டைக்குள் புகுந்து ஓட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை.

ஆன்லைன் வரிசையில் காத்திருந்து இடம் பிடித்தவர்கள் சொல்லுங்கள்: லேப்டாப், போன் இரண்டிலும் வரிசையில் நிற்கலாமா? இருவருக்கும் நானே பணம் கட்ட முடியுமா? அக்கா மைலுக்கு 15 நிமிடம் எடுப்பாங்க. வரம்பு 16 நிமிடம்தானே, கடைசிக் குழுவில் போட்டால் சமாளிக்க முடியுமா? அதுதான் பெரிய கவலை. தொண்டு நிறுவனம் வழியாக இடம் வாங்கியவர்கள் இருந்தாலும் அவசியம் எழுதுங்க.