மறு: ‘பெய்டு அட்மினிஸ்ட்ரேட்டிவ் லீவ்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

> அமெரிக்க நடுவண் அரசு ஊழியர்களின் விடுப்பு விதிச் சீர்திருத்தம் பற்றிய கட்டுரை ஒன்றை மொழிபெயர்க்கிறேன். இதற்குப் ‘பணியிடை நீக்கம்’ என்று போடலாமா? செய்திகளில் அப்படித்தான் வருகிறது.

தயவுசெய்து போட வேண்டாம். பணியிடை நீக்கம் என்றதும் நம் வாசகருக்குப் பிழைப்பூதியம், அதாவது அந்தக் காலத்தில் தரும் பகுதிச் சம்பளம், நினைவுக்கு வரும். அமெரிக்க நடுவண் அரசுப் பணியில் சஸ்பென்ஷன் என்றால் சம்பளமே கிடையாது. நாம் பேசுவதோ, வேலைக்கு வர வேண்டாம் என்று நிர்வாகமே தரும் விடுப்பு; அதில் முழுச் சம்பளம் உண்டு, ஊழியர் சேர்த்து வைத்த விடுப்பில் ஒரு மணி நேரம்கூடக் குறையாது, தண்டனையாகவும் பதிவாகாது. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் சட்டம் எதைத் திருத்த வந்தது என்பதே தெரியாமல் போய்விடும்.

திருத்த வந்தது இதைத்தான்: விசாரணை நடக்கிறது என்று ஊழியரை வீட்டில் உட்கார வைத்துவிட்டு, கோப்பை அப்படியே விட்டுவிடுவது. 2011 முதல் 2013 வரையிலான நிதியாண்டுகளில் 263 பேர் ஓராண்டிலிருந்து மூன்றாண்டு வரை இப்படி இருந்தார்கள் என்று, அரசுச் செலவைத் தணிக்கை செய்யும் அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் 2014-இல் கணக்குக் காட்டியது. அவர்களுக்குப் போன சம்பளம் மட்டும் சுமார் 3.1 கோடி டாலர். அதன் பிறகுதான் 2016 டிசம்பரில் சட்டம் வந்தது. முன்பு ஒரே பெயரில் கிடந்ததை அது நான்காகப் பிரித்தது. ஆகவே நமக்கு வேண்டியது ஒரு சொல் அல்ல, ஒரே வேர் கொண்ட நான்கு சொற்கள்.

> ‘கட்டாயக் காத்திருப்பு’ எப்படி? தமிழ்நாட்டு அலுவலகங்களில் புழங்கும் சொல்தானே?

நல்ல சொல்தான், ஆனால் அது பணியிடம் ஒதுக்கப்படாமல் காத்திருப்பவருக்கு உரியது. இங்கே பணியிடம் அவர் பெயரிலேயே இருக்கிறது. வேலை மட்டும் நடப்பதில்லை. ‘கழிவில்லா விடுப்பு’ என்ற யோசனையும் முந்தைய மடலில் வந்தது. பொருள் சரி, ஆனால் ‘கழிவு’ காதில் வேறு மாதிரி விழும்.

என் பரிந்துரை: பொதுப்பெயராகவும், மற்ற மூன்றில் சேராததற்கும் ‘நிர்வாக விடுப்பு’. விசாரணைக்காக வைப்பதற்கு ‘விசாரணைக்கால விடுப்பு’. பணிநீக்க நோட்டீஸ் கொடுத்த பின் வைப்பதற்கு ‘முன்னறிவிப்புக்கால விடுப்பு’. பனிப்புயல் போன்றவற்றுக்கு ‘வானிலை, பாதுகாப்பு விடுப்பு’. ‘கால’ என்ற ஒட்டை விட்டுவிடக் கூடாது. வெறும் ‘விசாரணை விடுப்பு’ என்றால் விசாரணைக்கு ஆஜராக எடுத்த விடுப்பு என்றே படிப்பார்கள்.

> முதலில் ‘நிர்வாக’ எதற்கு? ‘ஒழுங்கு நடவடிக்கை விடுப்பு’ என்றால் தெளிவாக இருக்குமே?

2025-இல் நடந்ததைப் பாருங்கள். ஒத்திவைத்த பதவி விலகலுக்கு, அதாவது பின்னொரு தேதியில் விலகிக்கொள்வதாக இப்போதே எழுதிக் கொடுப்பதற்கு, ஒப்புக்கொண்டவர்களைச் செப்டம்பர் 30 வரை சம்பளத்தோடு இதே விடுப்பில்தான் வைத்தார்கள். அவர்கள் மீது எந்த ஒழுங்கு நடவடிக்கையும் இல்லை. சட்டத்தில் ஆண்டுக்கு 10 வேலைநாள் என்ற வரம்பு இருக்கிறது. ஆனால் நடுவண் அரசு ஊழியர்களுக்கான பணி விதிகளை வகுக்கும் பணியாளர் மேலாண்மை அலுவலகம் 2024 டிசம்பரில் வெளியிட்ட விதிகள், அந்த வரம்பு விசாரணை தொடர்பான விடுப்புக்கு மட்டுமே என்று பொருள் கொண்டன. அதனால் மற்ற காரணங்களுக்குக் கதவு திறந்தே இருக்கிறது. சீர்திருத்தத்தில் மிச்சமிருக்கும் பெரிய ஓட்டை இது என்பது என் கருத்து. பொதுப்பெயர் பொதுவாகவே இருந்தால்தான் கட்டுரை அந்த ஓட்டையைச் சுட்ட முடியும்.

நாள் கணக்கிலும் கவனம் வேண்டும். நிர்வாக விடுப்பு 10 வேலைநாள் தீர்ந்த பிறகே விசாரணைக்கால விடுப்பு தொடங்கும். முதலில் 30 வேலைநாள் வரை, பிறகு முப்பது முப்பதாக 90 வரை நீட்டிப்பு. எல்லாம் கூட்டினால் 130 வேலைநாள், அதாவது 26 வாரம், அரை ஆண்டு. அதற்கு மேலும் நீட்டினால் காரணத்தோடு நாடாளுமன்றக் குழுக்களுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். பணிநீக்கத்துக்கான முன்னறிவிப்பு 30 நாளோ நாட்காட்டி நாள்; வேலைநாளாக எண்ணினால் ஏறத்தாழ 21தான் வரும். ‘30 நாள்’ என்று இரண்டையும் ஒன்றுபோல எழுதினால் வாசகர் தவறாகக் கூட்டுவார். எனவே எங்கும் ‘வேலைநாள்’, ‘நாட்காட்டி நாள்’ என்று பிரித்தே எழுதுங்கள்.

இன்னொன்று, விசாரணைக்கால விடுப்பு 70 வேலைநாளை எட்டினால் சட்டம் அதைப் பணியாளர் நடவடிக்கையாகவே, அதாவது ஊழியரின் பணியைப் பாதிக்கும் நிர்வாக முடிவாகவே கருதும். முறைகேட்டை வெளிப்படுத்தியதற்காகத் தன்னை ஒதுக்கி வைத்தார்கள் என்று ஊழியர் முறையிட அது வழி தரும். இந்த இடத்தில் ‘நடவடிக்கை’ என்பதைத் ‘தண்டனை’ என்று மாற்றிவிடாதீர்கள்.

> ஏற்கிறேன். ‘வைக்கப்பட்டார்’ என்பதா, ‘எடுத்தார்’ என்பதா?

விசாரணைக்கால, முன்னறிவிப்புக்கால விடுப்புகளுக்கு ‘விடுப்பில் வைக்கப்பட்டார்’. அவர் கேட்டு வாங்கியது அல்ல. அதற்கு முன் வேறு வேலை, தொலைப்பணி, சொந்த விடுப்பு ஆகியவற்றை நிர்வாகம் பரிசீலித்திருக்க வேண்டும் என்பதும் விதி. வானிலை விடுப்புக்கு ‘அளிக்கப்பட்டது’ போதும்.