தட்டணு குறைவும் எதிர்ப்புச் செல்களின் சமநிலையும்: தங்கைக்காக ஒரு கேள்வி

கேள்வி (பாலக்கோடு)

அனைவருக்கும் வணக்கம். இருபத்தாறு வயதான என் தங்கைக்குக் கணுக்காலைச் சுற்றிக் குண்டூசித் தலை அளவில் சிவப்புப் புள்ளிகள் தோன்றின. விரலால் அழுத்தினாலும் அவை மறையவில்லை. முதலில் டெங்கு என்றே பயந்தோம். ஆனால் காய்ச்சல் இல்லை, டெங்குப் பரிசோதனையிலும் ஒன்றும் தெரியவில்லை. ரத்தம் உறைய உதவும் தட்டணு (பிளேட்லெட்) மட்டும் 14,000 ஆகக் குறைந்திருந்தது. ஐ.டி.பி. என்ற தட்டணு குறையும் நோய் என்று சொல்லி ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். 90,000 வரை ஏறியது, மாத்திரையைக் குறைக்கத் தொடங்கியதும் 30,000-க்கு இறங்கிவிட்டது. எதிர்ப்புச் செல்களுக்குள் சமநிலை குலைந்திருக்கிறது என்கிறார் மருத்துவர். உறவினர்களோ உடம்பில் எதிர்ப்புச் சக்தி இல்லை என்று சொல்லி, அதைக் கூட்டும் சூரணமும் பப்பாளி இலைச் சாறும் கொடுக்கச் சொல்கிறார்கள். உண்மையில் எதிர்ப்புச் சக்தி கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா? அந்தச் செல்களை அளந்து பார்த்து மருந்து கொடுக்க முடியாதா?

பதில் (கிருஷ்ணகிரி, ஓய்வுபெற்ற நோய்க்குறியியல் ஆசிரியர்)

சகோதரிக்கு வணக்கம். எதிர்ப்புச் செல்களில், சொந்தத் தட்டணுக்களையே தாக்கும் பக்கம் மிகுந்திருக்கிறது, அதை அடக்கி வைக்க வேண்டிய பக்கம் தளர்ந்திருக்கிறது. மருத்துவர் குறிப்பிட்ட சமநிலைக் குலைவு இதுதான்.

1950-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஹாரிங்டன் என்ற மருத்துவர் ஐ.டி.பி. நோயாளி ஒருவரின் ரத்தத்தைத் தம் உடலிலேயே ஏற்றிக்கொண்டார். சில மணி நேரத்தில் அவருடைய தட்டணுக்கள் சரிந்தன. ரத்தத்தில் இருக்கும் ஏதோ ஒரு பொருள்தான் அவற்றை அழிக்கிறது என்பது அதனால் தெளிவாயிற்று. தட்டணுவின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்பான்களே (ஆன்டிபாடி என்னும் புரதங்கள்) அந்தப் பொருள் என்பது பின்னர் நிறுவப்பட்டது. எதிர்ப்பான் ஒட்டிய தட்டணுக்களை மண்ணீரலில் உள்ள மேக்ரோஃபேஜ் செல்கள் விழுங்கிவிடுகின்றன.

ஆனால் கணிசமான நோயாளிகளிடம் தேடினாலும் எதிர்ப்பான் அகப்படுவதில்லை. அதனால் ஆய்வாளர்களின் பார்வை டி செல்கள் என்னும் எதிர்ப்புச் செல்களின் பக்கம் திரும்பியது. தட்டணுவை விழுங்கிய மேக்ரோஃபேஜ், அதன் துணுக்குகளை உதவி டி செல்களுக்குக் காட்டுகிறது. அவை பி செல்களைத் தூண்டுகின்றன, பி செல்கள் மேலும் எதிர்ப்பான்களைச் சுரக்கின்றன. இந்தச் சுழற்சியை நிறுத்த வேண்டியவை ஒழுங்குபடுத்தும் டி செல்கள். நோய் தீவிரமாக உள்ளவர்களிடம் அவற்றின் எண்ணிக்கையோ செயல்திறனோ குறைந்திருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. மறுபுறம் அழற்சியைத் தூண்டும் டிஹெச் 1, டிஹெச் 17 வகை உதவி டி செல்களின் கை ஓங்கியிருக்கிறது. சிலரிடம் கொல்லும் டி செல்கள் எதிர்ப்பானின் உதவியின்றியே தட்டணுக்களை அழிக்கின்றன, எலும்பு மஜ்ஜையில் அவற்றின் உற்பத்தியையும் கெடுக்கின்றன. ஒழுங்குபடுத்தும் செல்களைக் கண்டறிந்து விளக்கியதற்காகத்தான் 2025-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு சகாகுச்சி, பிரன்கோவ், ராம்ஸ்டெல் ஆகிய மூவருக்கும் கிடைத்தது.

இதனால்தான் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுவதாகச் சொல்லும் சூரணத்தை நான் வன்மையாக மறுக்கிறேன். ஏற்கெனவே மிகுந்து நிற்பதை அடக்கத்தான் ஸ்டீராய்டு கொடுக்கப்படுகிறது. பப்பாளிச் சாறு இந்தச் சுழற்சியைத் தொடுவதில்லை.

செல்களை அளப்பது ஆய்வுக்கூடங்களில் நடக்கிறது. இந்த அளவுக்குக் கீழே இந்த மருந்து என்று சொல்ல வரையறை எதுவும் இல்லாததால், தட்டணு எண்ணிக்கையையும் ரத்தக்கசிவையும் வைத்தே சிகிச்சை முடிவாகிறது. தட்டணுவைக் குறைக்கக்கூடிய பிற நோய்களான ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி., லூபஸ் ஆகியவை பார்க்கப்பட்டனவா என்று கேளுங்கள். செல்களை அளக்க நினைக்கும் பணத்தை இந்தப் பரிசோதனைகளுக்குச் செலவிடுவதே பயன் தரும்.

பதில் (ஓசூர், ஆய்வகப் பணி)

ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். இயந்திரம் தரும் எண்ணை மட்டும் நம்பாமல், கண்ணாடித் தகட்டில் தடவிய ரத்தப் பூச்சை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்களா என்று கேளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க ஊதா மூடிக் குழாயில் சேர்க்கப்படும் ஈ.டி.டி.ஏ. என்ற பொருள் சிலருடைய தட்டணுக்களைக் கொத்தாகச் சேர்த்துவிடும். இயந்திரம் அவற்றை எண்ணத் தவறிவிடும். ஐயம் இருந்தால் நீல மூடியுள்ள சிட்ரேட் குழாயில் மறுபடி எடுப்போம். உண்மையான ஐ.டி.பி.யில் பூச்சில் தட்டணுக்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகவும், அவற்றுள் சில வழக்கத்தைவிடப் பெரிதாகவும் தெரியும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. பூச்சைப் பார்த்துப் பெரிய தட்டணுக்கள் என்று எழுதியிருக்கிறார்கள். அடுத்ததாக எல்ட்ரோம்போபேக் மாத்திரை தொடங்கலாம் என்கிறார் மருத்துவர். இது எதிர்ப்புச் செல்களைச் சரிசெய்யுமா?

பதில் (அரூர், ஐ.டி.பி. உள்ளவர்)

அக்கா, நான் அந்த மாத்திரையைத்தான் எடுத்துக்கொள்கிறேன். மஜ்ஜையைத் தூண்டித் தட்டணுவை அதிகமாக உண்டாக்குவதே அதன் நேரடி வேலை. ஆனால் அது பலனளித்தவர்களிடம் ஒழுங்குபடுத்தும் டி செல்களின் செயல்பாடும் மேம்பட்டதாக ஆய்வுகள் உண்டு என்று என் மருத்துவர் விளக்கினார். ஸ்டீராய்டைத் தாமாக நிறுத்திவிட வேண்டாம். உடம்பு வலிக்கு டைக்ளோஃபெனாக் ஊசியோ ஆஸ்பிரினோ போட்டுக்கொள்ளக் கூடாது. வாய்க்குள் ரத்தக் கொப்புளமோ கடுமையான தலைவலியோ வந்தால் விடியும்வரை காத்திருக்காமல் அழைத்துச் செல்லுங்கள்.

நம் பகுதிக் குடும்பங்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. சுண்ணாம்புச் சத்து மிகுந்த உணவு இந்த மாத்திரையை உடம்பில் சேரவிடாது. கேழ்வரகுக் களியும் மோரும் அந்த வகைதான். அவற்றைச் சாப்பிடுவதற்கு 2 மணி நேரம் முன்போ, சாப்பிட்டு 4 மணி நேரம் கழித்தோ மாத்திரையை எடுக்க வேண்டும். நான் இரவு படுக்கும்போது எடுத்துக்கொள்கிறேன், அன்று மாலைக்குப் பிறகு பால் குடிப்பதில்லை.