தீவிர சிகிச்சைப் பிரிவில் மகள்: சிஸ்டர்களிடம் எதைக் கேட்கலாம்?

கொருக்குப்பேட்டை அப்பா:
எங்கள் நான்கு வயது மகள் டெங்கு அதிர்ச்சி நிலையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறாள். மருத்துவர் காலையில் நிலைமையைச் சொல்லிவிடுகிறார். அதன் பிறகு, கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நிற்கும் என் மனைவியிடம் சிஸ்டர்கள் ‘டாக்டரைக் கேளுங்கள்’ என்பதற்கு மேல் எதுவும் சொல்வதில்லை. கவனிப்பில் குறையில்லை. ஆனால் பெற்றவள் வெளியாளைப் போல நிற்பதைப் பார்க்க முடியவில்லை. அவர்கள் மனம் நோகாமல் எதைக் கேட்பது?

காசிமேடு அம்மா:
என் மகன் நிமோனியாவால் வென்டிலேட்டரில் இருந்தபோது, ஒரு சிஸ்டர் என்னை உள்ளே அழைக்கும் முன்பே, முகம் வீங்கியிருக்கும், வாயில் குழாய் இருக்கும், மயக்க மருந்தால் கண் திறக்கமாட்டான், ஆனாலும் பேசுங்கள் என்று சொல்லி என்னைத் தயார்ப்படுத்தினார். விரலில் மாட்டிய கிளிப் நழுவினாலும் மானிட்டர் ஒலிக்கும் என்பதை அவர் காட்டிய பிறகுதான் அந்தச் சத்தத்துக்கு நான் நடுங்குவது நின்றது. பிறகு ஈரத் துணியைத் தந்து அவன் உதட்டைத் துடைக்கச் சொன்னார். ‘எப்படி இருக்கிறாள்?’ என்பதைவிட, ‘அவளுக்கு நான் என்ன செய்யலாம்?’ என்று உங்கள் மனைவியைக் கேட்கச் சொல்லுங்கள்.

தண்டையார்பேட்டை, ஓய்வுபெற்ற செவிலியர்:
டெங்கு அதிர்ச்சியில் இரத்த நாளங்களிலிருந்து நீர் கசிந்து வெளியேறுகிறது; அந்தக் கட்டம் பெரும்பாலும் 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். டிரிப்ஸ் குறைந்தால் இரத்த அழுத்தம் விழும், கூடினால் நுரையீரலைச் சுற்றி நீர் சேரும் என்பதால், நாடித் துடிப்பையும் சிறுநீர் அளவையும் விடாமல் பார்த்துக் குறிக்கும் செவிலியர் பேசாமல் இருப்பது அலட்சியத்தால் அல்ல. நோயின் போக்கைச் சொல்லும் பொறுப்பு மருத்துவருடையது; ஆனால் ‘சிறுநீர் போகிறதா, தூங்கினாளா’ என்றால் பெரும்பாலும் பதில் கிடைக்கும். பணிமாற்ற நேரத்தில் மட்டும் கேட்காதீர்கள்.

இருந்தாலும் பெற்றோரை வெளியே நிறுத்திவைப்பதை நான் நியாயப்படுத்தமாட்டேன். மருத்துவமனையில் இருக்கும் குழந்தையைப் பெற்றோர் எந்நேரமும் பார்க்கலாம் என்று பிரிட்டனில் மருத்துவமனைக் குழந்தைகளின் நலனை ஆராய்ந்த பிளாட் குழு 1959-லேயே பரிந்துரைத்துவிட்டது. நம் ஊரில் இன்றும் பல இடங்களில் அதற்காகக் கெஞ்ச வேண்டியிருக்கிறது. வீட்டில் அவளை எப்படிக் கூப்பிடுவீர்கள், எதற்குப் பயப்படுவாள் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ஊசி போடும்போது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலே குழந்தை ஓரளவு அடங்கும்.

கொருக்குப்பேட்டை அப்பா:
நன்றி அம்மா. இரவுப் பணிக்கு வருபவர் பொறுப்பேற்று முடித்ததும் தாளைக் கொடுக்கிறேன். அவளுடைய அண்ணன் பேசியதைப் போனில் பதிவு செய்து கேட்கச் செய்யலாமா?

தண்டையார்பேட்டை, ஓய்வுபெற்ற செவிலியர்:
சிஸ்டரின் அனுமதியோடு செய்யலாம். போனைத் துடைத்து எடுத்துச் செல்லுங்கள், ஒலியைக் குறைத்து வையுங்கள்.