சுகர் பார்டர்ல நிக்குது, டாக்டர் நடக்க சொல்றாரு, நடந்தா ரெண்டு நாள் எழும்ப முடியல

திருவட்டார்_பிள்ளை

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு வயசு 39, ஊரு திருவட்டார் பக்கம். கோவிட் வந்துட்டு போனதுல இருந்து எனக்கு இந்த தளர்ச்சி உண்டு. வேலை செஞ்ச களைப்பு மாதிரி இல்ல இது, இன்னைக்கு கொஞ்சம் கூடுதலா துணி அலசினா இன்னைக்கு ஒண்ணும் தெரியாது, நாளைக்கோ நாளை கழிஞ்சோ மேலெல்லாம் வலிச்சு தலை கிறங்கி, யாராவது கேட்டா பதில் சொல்லக்கூட வார்த்தை கிட்டாம கெடப்பேன். தூங்கி எழும்பினாலும் தூங்கின மாதிரியே இருக்காது. திருவனந்தபுரத்துல ஒரு டாக்டர்தான் எல்லாம் கேட்டுட்டு க்ரானிக் ஃபேட்டிக் சிண்ட்ரோம்னு எழுதி தந்தாரு.

இப்ப பிரச்சனை என்னன்னா போன வாரம் பிளட் டெஸ்ட் எடுத்தேன், வெறும் வயித்துல 109, சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு 154, ஹெச்பிஏ1சி (மூணு மாச சராசரி சுகரை காட்டுற டெஸ்ட்) 6.0. இங்க பக்கத்துல பார்த்த டாக்டர் பார்டர்லைன்னு சொல்லிட்டு, தெனமும் 45 நிமிஷம் வேகமா நடம்மா, அரிசியை குறை, மூணு மாசம் கழிச்சு வான்னாரு. தளர்ச்சியை பத்தி சொன்னேன், நடந்தா அது தானா போயிரும்னு சொல்லிட்டாரு. சரின்னு நடந்தேன். நாலாவது நாள் குளிக்கிறதுக்கு கப்பை தூக்க கை வரல, பிள்ளைங்களுக்கு அத்தைதான் சோறு போட்டாங்க.

அம்மைக்கு சுகர் உண்டு, கால்ல புண்ணு வந்து ஒரு விரல் எடுத்தாச்சு. அதை பக்கத்துல இருந்து பார்த்தவ நான், அதனால இந்த நம்பரை பார்த்ததும் பயம் வந்துட்டு. வீட்டுல சாப்பாடு நம்ம ஊரு சாப்பாடுதான், காலையில புட்டும் பழமும், மத்தியானம் சோறு மீன்குழம்பு, ராத்திரி கஞ்சி பயறு, வாரத்துல ரெண்டு மூணு நாள் மரச்சீனி கிழங்கு. முடியாத நாள்ல பிரெட்டோ பிஸ்கட்டோ தான் கையில கிட்டும். குளுக்கோமீட்டர் வாங்கி வச்சிருக்கேன், ஒரே காலையில 104ன்னு காட்டுது, அஞ்சு நிமிஷம் கழிச்சு 117, எதை நம்ப? இந்த தளர்ச்சியே சுகர்னால வந்ததா? நடக்காம சுகரை குறைக்க வழி உண்டா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

நாகர்கோவில்_லேப்

சிஸ்டர், நான் லேப்ல வேலை பார்க்கிறவன், டாக்டர் இல்ல, நம்பர் சம்பந்தமா மட்டும் சொல்றேன்.

வெறும் வயித்துல 100க்கு கீழ நார்மல், 100ல இருந்து 125 வரைக்கும் பார்டர், 126ம் அதுக்கு மேலயும் சுகர். ஹெச்பிஏ1சி 5.7ல இருந்து 6.4 வரைக்கும் பார்டர், 6.5ல இருந்து சுகர். அப்ப உங்களுக்கு மூணுமே ஒரே கதையை தான் சொல்லுது, பார்டர்லதான் இருக்கீங்க, சுகர் வந்துட்டுன்னு யாரும் சொல்ல முடியாது. ஆனா ஹெச்பிஏ1சியை பார்க்கும்போது ஹீமோகுளோபின் எவ்வளவுன்னும் பாருங்க. இரும்புச்சத்து குறைவா இருந்தா ஹெச்பிஏ1சி உள்ளதை விட கொஞ்சம் கூடுதலா காட்டும். நம்ம பெண்கள்ல ரத்தக்குறைவு நிறைய பேருக்கு இருக்கு, அதனால ஃபெரிட்டினும் (உடம்புல இரும்பு எவ்வளவு சேர்ந்திருக்குன்னு காட்டுற டெஸ்ட்) சேர்த்து எடுக்க சொல்லி டாக்டர்கிட்ட கேளுங்க.

மீட்டர் விஷயம். வீட்டு மீட்டருக்கு 15 சதவீதம் வரைக்கும் கூடக்குறைய காட்ட அனுமதி உண்டு. உண்மையான அளவு 110ன்னா அது 94ன்னும் காட்டலாம் 126ன்னும் காட்டலாம், ரெண்டும் கணக்குல சரிதான். அதனால உங்க 104ம் 117ம் ஒண்ணுதான்னு வச்சுக்கோங்க, அதை பார்த்து பயப்பட வேண்டாம். பழம் உரிச்ச கையோட குத்தினா ரொம்ப கூட காட்டும், சோப்பு போட்டு கழுவி நல்லா துடைச்சிட்டு குத்துங்க. ஸ்ட்ரிப் டப்பாவை திறந்து வைக்காதீங்க, நம்ம ஊரு மழைக்கு ஈரம் பிடிச்சிரும். சாப்பிட்ட பிறகு ரெண்டு மணி நேரம்னா முதல் வாய் வச்ச நேரத்துல இருந்து கணக்கு.

கருங்கல்_அக்கா

மக்ளே, நீ எழுதினதை வாசிச்சப்ப எனக்க கதையை யாரோ எழுதின மாதிரி இருந்துது. எனக்கும் இதே தளர்ச்சி உண்டு, சுகரும் பார்டர்லதான் கெடக்கு, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுதேன்.

முதல்ல ஒண்ணு, நீ நடக்காம இருக்கது மடியினால இல்ல. நம்ம சீக்கோட அடையாளமே அதாக்கும், சக்திக்கு மிஞ்சி செஞ்சா பன்னிரண்டு மணி நேரமோ ரெண்டு நாளோ கழிச்சு அடி விழும். முந்தி இதுக்கு தெனமும் கொஞ்சம் கொஞ்சமா உடற்பயிற்சியை கூட்டிக்கிட்டே போற முறையை சொல்லிக்கிட்டு இருந்தாங்க, இங்கிலாந்துல நைஸ்னு ஒரு அமைப்பு 2021ல வழிகாட்டுதலை திருத்தி, இந்த நோய்க்காரங்களுக்கு அந்த முறையை கொடுக்க வேண்டாம்னே எழுதிட்டாங்க. அடுத்த தடவை போகும்போது இதை டாக்டர்கிட்ட மரியாதையா சொல்லு. வெறுமனே தளர்ச்சின்னு சொன்னா அவருக்கு எல்லார் சொல்லுத தளர்ச்சியும் ஒண்ணாதான் கேக்கும். எந்த நாள் எவ்வளவு நடந்த, எந்த நாள் விழுந்த, எத்தனை நாள் எழும்பலன்னு ஒரு நோட்டுல எழுதி கையில கொடு, பேச்சை விட அது நல்லா புரியும்.

சாப்பாட்டுல நிறைய செய்யலாம், அதுக்கு கூடுதல் சக்தி வேண்டாம். புட்டு தின்னு, ஆனா பழமும் சீனியும் போட்டு குழைக்காம கடலைக்கறியோ பயறோ கூட வை, புட்டு ஒரு துண்டு போதும், கறியை கூட்டு. மத்தியானம் சோறு போடுததுக்கு முன்ன துவரனும் மீன் துண்டும் முதல்ல தின்னு, சோறை கடைசில தின்னு. காயும் மீனும் முதல்ல உள்ள போனா சுகர் ஏறுத வேகம் குறையும், இது ஆராய்ச்சி பண்ணி பார்த்த விஷயம். கிழங்கு தின்னுத நாள் சோறு வேண்டாம், சாளைக்கறி தாராளமா ஊத்தி கிழங்கை பாதியாக்கு. கிழங்கை விடுன்னு நான் சொல்லமாட்டேன், நம்மளால அது நடக்காது. கஞ்சிதான் கொஞ்சம் கவனிக்கணும், குழைய வெந்த சோறு சீக்கிரமா சுகரை ஏத்தும், அதனால சோறு கொஞ்சமும் பயறு நிறையவும் ஆக்கிக்கோ. சோறை விட்டுட்டு சப்பாத்தி நாலு அஞ்சு தின்னுததுல ஒரு லாபமும் இல்ல, அளவுதான் விஷயம்.

முடியாத நாளுக்குன்னு முடியுத நாள்ல கொஞ்சம் எடுத்து வை. நான் கடலையும் சிறுபயறும் மொத்தமா அவிச்சு சின்ன சின்ன டப்பாவுல ஃப்ரீசர்ல வச்சிருவேன், முட்டை அவிச்சு வச்சிருவேன். மீன்காரம்மாகிட்ட வெட்டி கழுவி தாங்கன்னு சொல்லுவேன், பத்தோ இருபதோ கூட கொடுக்கலாம் கேட்டியா, அந்த அரைமணி நேரம் நின்னு மீன் நறுக்குததுலதான் நம்ம சக்தி முழுக்க போகுது. பிஸ்கட் டப்பா இருந்த இடத்துல வறுத்த நிலக்கடலை வச்சிரு.

அசையாமலே கெடக்கணும்னும் இல்ல. சாப்பிட்ட உடனே ரெண்டு மூணு நிமிஷம் வீட்டுக்குள்ள பைய நட, அதுவும் முடியலன்னா நாற்காலியில இருந்துகிட்டே குதிகாலை ஏத்தி இறக்கு. மறுநாளும் அதுக்கு மறுநாளும் உடம்பு எப்படி இருக்குன்னு பார்த்துட்டுதான் கூட்டணும், அடி விழுந்தா குறைச்சிரணும்.

குளச்சல்_அண்ணன்

தங்கச்சி, நான் கடற்கரையில தெனமும் ஒரு மணி நேரம் நடந்துதான் சுகரை கட்டுக்குள்ள வச்சிருக்கேன். சீனியை அடியோட விட்டு கருப்பட்டி காப்பிக்கு மாறினேன். மனசு வச்சா முடியும், நடையை விட்றாதம்மா.

நாகர்கோவில்_லேப்

அண்ணே உங்களுக்கு நடை வேலை செஞ்சது உண்மைதான், அதுல சந்தேகமே இல்ல. சென்னையில பார்டர் சுகர்காரங்களை வச்சு ஒரு பெரிய ஆராய்ச்சி பண்ணி 2006ல வெளியிட்டாங்க, சாப்பாடு நடை ரெண்டையும் மாத்தினவங்களுக்கு சுகர் நோயா மாறுறது 28.5 சதவீதம் குறைஞ்சுது. ஆனா சிஸ்டருக்கு இருக்கிற நோய் வேற, நடந்தா படுக்கையில விழுறவங்களை மனசு வைன்னு சொல்லி நடக்க வைக்கிறது சரியில்லண்ணே. அப்புறம் கருப்பட்டியும் சர்க்கரைதான், ரத்தத்துல சுகரை ஏத்தத்தான் செய்யும். உங்க காப்பியில எவ்வளவு போடுறீங்கன்னு நீங்களும் கொஞ்சம் பாருங்க.

மார்த்தாண்டம்_நர்ஸ்

ரிட்டயர்டு ஸ்டாஃப் நர்ஸ் நான். ஒரு கேள்விக்கு யாரும் பதில் சொல்லல, தளர்ச்சி சுகர்னால வந்ததான்னு. 109க்கும் 154க்கும் இவ்வளவு தளர்ச்சி வராதும்மா. சுகர் ரொம்ப ஏறினவங்களுக்குதான் தாகம், அடிக்கடி யூரின், எடை குறையுறது, கூடவே களைப்பு எல்லாம் வரும். ஆனா தைராய்டு, பி12, இரும்பு, வைட்டமின் டி இதெல்லாம் கடைசியா எப்ப பார்த்தீங்க? ஒரு நோய்க்கு பேரு வச்சாச்சுன்னு மத்ததை பார்க்காம விட்றாதீங்க. குறட்டை உண்டான்னு வீட்டுல கேளுங்க. சரியா தூங்காத உடம்புல இன்சுலின் ஒழுங்கா வேலை செய்யாது, காலை சுகர் கூடும். மேல் வலிக்குன்னு யாராவது ஸ்டீராய்டு மாத்திரையோ ஊசியோ தந்தாங்களா, அதுவும் ஏத்தும்.

இன்னொண்ணு, பிள்ளை உண்டாயிருந்தப்ப சுகர் இருந்துதா? அம்மைக்கும் சுகர், உங்களுக்கும் அப்ப இருந்துதுன்னா டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லணும், நடக்க முடியாதவங்களுக்கு மெட்ஃபார்மின்ங்கிற சுகர் மாத்திரை தரலாமான்னு அவர் யோசிக்க அது உதவும். அந்த மாத்திரை நாள்பட எடுத்தா பி12 குறையும், அதனால இப்பவே பி12 பார்த்து வைக்கிறது நல்லது. நீங்களா வாங்கி போட்டுக்காதீங்க. டெஸ்டுக்கு அலைய முடியலன்னா, 2021ல இருந்து மக்களைத் தேடி மருத்துவம் இருக்கு, உங்க ஏரியா ஆரம்ப சுகாதார நிலையத்துல சொல்லி வைங்க, வீட்டுக்கு வந்து சுகரும் பிரஷரும் பார்ப்பாங்க.

திருவட்டார்_பிள்ளை

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. குளச்சல் அண்ணனுக்கும் நன்றி, நீங்க நல்லதுக்குதான் சொன்னீங்கன்னு தெரியும். நர்ஸம்மா, ரெண்டாவது பிள்ளைக்கு ஏழாம் மாசத்துல சுகர் இருக்குன்னு சொல்லி சாப்பாட்டை குறைக்க சொன்னாங்க, பிரசவம் கழிஞ்சதும் நார்மல்னு சொல்லி விட்டுட்டாங்க, அதுக்கும் இதுக்கும் தொடர்பு உண்டுன்னு இதுவரை யாரும் சொன்னதில்ல. தைராய்டு பார்த்து ரெண்டு வருஷத்துக்கு மேல ஆகுது, ஃபெரிட்டின் பார்த்ததே இல்ல. கருங்கல் அக்கா, அத்தைக்கு உங்க எழுத்தை வாசிச்சு காட்டினேன், நாளையில இருந்து புட்டுக்கு கடலைக்கறி வைக்கேன்னு அவங்களே சொன்னாங்க. ஒரு சந்தேகம், அவிச்ச கடலை ஃப்ரீசர்ல எத்தனை நாள் வைக்கலாம்?

கருங்கல்_அக்கா

ஒரு மாசம் தாராளமா இருக்கும் மக்ளே. தண்ணியை நல்லா வடிச்சிட்டு வை, இல்லன்னா கட்டியா பிடிச்சிரும். முந்தின நாள் ராத்திரியே எடுத்து ஃப்ரிட்ஜ்ல கீழ் தட்டுல வச்சிரு, காலையில தேங்காய் அரைச்சு ஒரு கொதி விட்டா போதும், அரைக்க வேலையை அத்தைகிட்ட விட்டுரு. டெஸ்ட் ரிசல்ட் வந்ததும் இங்க போடு.