பொம்மை எம்113க்குத் துரு பூசினால் என்ன தப்பு?

தூரிகைத்தம்பி:
நேற்று போட்ட படத்துக்கு வந்த திட்டுகளைப் பார்த்துவிட்டுத் தனி இழையாகவே தொடங்குகிறேன். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பழைய சாமான் கடையில் வாங்கிய பச்சை பிளாஸ்டிக் எம்113 அது, அதாவது படைவீரர்களை ஏற்றிச் செல்லும் கவச வண்டியின் பொம்மை. சக்கரம் உருளும், வேறு ஒன்றும் செய்யாது. கழுவிக் காயவைத்து, பிரைமர் (பெயிண்ட் பிடிக்க முதலில் பூசும் அடிப்பூச்சு) அடித்து, ஆலிவ் பச்சை பூசினேன். ஓரங்களில் பெயிண்ட் உரிந்த மாதிரி ஸ்பாஞ்சால் ஒற்றினேன். கதவுக் கீல்களிலிருந்து செம்பழுப்புத் துரு வழிகிற மாதிரி கோடுகளும் இழுத்தேன். எனக்குப் பிடித்திருக்கிறது. "காயலாங்கடை வண்டி" என்று ஒருவர் எழுதினார். என் பொம்மையை என் இஷ்டத்துக்குப் பூசக் கூடாதா?

கவசப்படை முன்னாள்:
அந்த ஒருவர் நான்தான், தம்பி. பூசு, யார் தடுத்தார்? ஆனால் "நிஜ வண்டி மாதிரியே இருக்கிறதா?" என்று கேட்டுப் படம் போட்டாய், பதில் சொன்னேன்.

எம்113இன் உடல் அலுமினியக் கலவை. 1960இல் அமெரிக்கா அதைப் படையில் சேர்த்தபோது பெரிய விஷயமே அதுதான். விமானத்தில் ஏற்றிப்போகும் அளவுக்கு எடை குறைய வேண்டும் என்று எஃகை விட்டு அலுமினியத்துக்குப் போனார்கள். அலுமினியத்தில் செந்துரு எங்கிருந்து வரும்? பெயிண்ட் போன இடத்தில் வெளிறிய சாம்பல்தான் தெரியும். துரு போட்டே ஆக வேண்டும் என்றால் சக்கரங்களைச் சுற்றி ஓடும் செயினில் போடு, புகைக்குழாயில் போடு. அவை எஃகு.

இன்னொன்று. இங்கே சிங்கப்பூரில் தேசிய சேவையில் கவச வண்டியோடு இருந்த யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார். பயிற்சி முடிந்து முகாமுக்குத் திரும்பினால் முதலில் வண்டியைக் கழுவ வேண்டும். செயின் இடுக்கில் சிக்கிய செம்மண்ணைக் கம்பியால் நோண்டி எடுக்க வேண்டும். கழுவி முடித்தோம் என்று நினைக்கும்போது சார்ஜன்ட் வந்து அடியில் கைவிட்டுத் தடவிப் பார்ப்பார். துரு வழியும் வண்டியைக் காட்டினால் அந்த வாரம் புக்அவுட் போச்சு, வீட்டுக்குப் போக முடியாது.

தூரிகைத்தம்பி:
அண்ணே, கழுவும் கதை எனக்கும் தெரியும், நானும் கழுவியவன்தான். ஆனால் நிஜ எம்113க்கு ஒரு பக்கம் ஐந்து சக்கரம். என் பொம்மைக்கு நாலுதான் இருக்கிறது. செய்த கம்பெனி சக்கரத்தையே எண்ணவில்லை, துருவுக்கு மட்டும் நான் உலோகவியல் படிக்கணுமா?

அப்புறம், கையளவு வண்டியை ஒரே பச்சையாக விட்டால் மேசைமேல் வைத்த சோப்புக் கட்டி மாதிரி இருக்கிறது. நிஜ வண்டியில் வெயில் விழுந்து தானாக நிழல் வரும், இதில் நாம்தான் கொண்டுவர வேண்டும். துரு எனக்கு அதற்கு ஒரு வழி, அவ்வளவுதான்.

கவசப்படை முன்னாள்:
நிழல் வேண்டும் என்பதில் சண்டையே இல்லை. அதைத் தூசியால் காட்டு என்கிறேன். நம் செம்மண் காய்ந்தால் வெளிர் ஆரஞ்சாகும். அடிப்பகுதியில் அடர்த்தியாகப் பூசி, மேலே போகப் போகக் குறைத்துவிடு. ஆட்கள் ஏறி இறங்கும் இடங்களில், குறிப்பாக ஓட்டுநர் மூடியைச் சுற்றி, பூட்ஸ் உரசிப் பெயிண்ட் தேய்ந்திருக்கும். அங்கே கொஞ்சம் பென்சில் கரியைத் தேய்த்துப் பார், எப்படி மாறுகிறது என்று. இதைச் செய்ய அந்த வண்டி எப்படிப் புழங்கும் என்று யோசிக்க வேண்டும். துரு போட எதையும் யோசிக்க வேண்டாம். அதனால்தான் எல்லோரும் துரு போடுகிறார்கள்.

எரிந்துபோன எஃகு டாங்கி சீக்கிரமே சிவந்துவிடும், பெயிண்ட் முழுக்கப் போய்விடுவதால். ஓடுகிற வண்டிக்கு அந்தக் கோலம் எதற்கு?

பழங்கிட் பைத்தியம்:
நான் தம்பி பக்கம். "நிஜம்" என்று பேசுகிறவர்கள் இதையும் கேட்கட்டும். 1943 பிப்ரவரியில் ஜெர்மன் படை தன் டாங்கிகளின் அடிப்படை நிறத்தைக் கருஞ்சாம்பலிலிருந்து கரும்மஞ்சளுக்கு மாற்றியது. மேலே பூச ஆலிவ் பச்சையும் செம்பழுப்பும் கெட்டிப் பசையாக டப்பாவில் வந்தன. கரைத்துப் பூசுவது வண்டி ஆட்களின் வேலை. தண்ணீர் கிடைத்தவன் தண்ணீர் கலந்தான், பெட்ரோல் கிடைத்தவன் பெட்ரோல் கலந்தான். சிலர் தெளித்தார்கள், சிலர் கையில் கிடைத்ததை வைத்து மெழுகினார்கள். அருகருகே நின்ற வண்டிகளே ஒன்றுபோல் இருந்ததில்லை. அப்படியிருக்க, இன்று பெயிண்ட் டப்பாவின் நம்பரைச் சொல்லி "தவறான பச்சை" என்று அடுத்தவர் தலையில் குட்டுகிறவர்களை என்ன செய்வது?

கவசப்படை முன்னாள்:
நல்ல தகவல்தான். ஆனால் அது நிறம் மாறியதற்குச் சான்று. அலுமினியம் இரும்பாக மாறியதற்கு இல்லை.

பழங்கிட் பைத்தியம்:
சரி, அதை விடுங்கள். தம்பி, அந்த பிளாஸ்டிக் என்ன ரகம் என்று பார்த்தீர்களா? மலிவு பொம்மைகள் பல பாலிஎத்திலீனில் வரும். அதில் பிரைமர் அடித்தாலும் வளைந்த இடத்தில் தோல் மாதிரி உரியும். மாடல் கிட்டுகளை ஒட்டும் சிமென்ட் பசையும் ஒட்டாது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு துணுக்கு வெட்டி, ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு விட்ட தண்ணீரில் போட்டு அமுக்கிப் பாருங்கள். மேலே வந்தால் பாலிஎத்திலீன் அல்லது அதன் உறவுக்காரன். மூழ்கினால் பெரும்பாலும் பாலிஸ்டைரீன், அதில் தாராளமாக வேலை செய்யலாம்.

தூரிகைத்தம்பி:
மூழ்கியது. இல்லாவிட்டால் இவ்வளவு மெனக்கெட்டிருக்க மாட்டேன்.

பிடோக் அக்கா:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். நீங்கள் எல்லோரும் எங்கே நின்று ஸ்ப்ரே அடிக்கிறீர்கள்? எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) புளோக்கில் ஒருவர் தாழ்வாரத்தில் அடிக்கிறார். வாடை எங்கள் சமையலறை வரைக்கும் வருகிறது. என் மகனும் இப்போது ஒரு டாங்கி வைத்துக்கொண்டு பெயிண்ட் கேட்கிறான். அதுவும் இளஞ்சிவப்புதான் வேண்டுமாம். அவன் அப்பா "டாங்கிக்கு அந்த நிறமெல்லாம் கிடையாது" என்கிறார்.

பழங்கிட் பைத்தியம்:
அக்கா, அப்பாவிடம் சொல்லுங்கள்: பிரிட்டனின் எஸ்ஏஎஸ் சிறப்புப் படை 1960களின் கடைசியில் பாலைவனத்துக்கென்றே லேண்ட் ரோவர்களை இளஞ்சிவப்பாகப் பூசியது. அந்த மணலில் காலையிலும் மாலையிலும் அந்த நிறம் நன்றாக மறைந்துகொள்ளும். பையன் கேட்டதில் தப்பில்லை.

சிறுவனுக்கு ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம். தண்ணீரில் கழுவும் அக்ரிலிக் வாங்கி, மெல்லிசாகப் பல தடவை தூரிகையால் பூசட்டும். லாக்கர் ஸ்ப்ரே பெரியவர்களுக்கே நம் ஊர் ஈரத்தில் சோதனை. கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து பால் மாதிரி வெளுத்துவிடும். மழை நாளில் அடித்தால் அநேகமாக அப்படித்தான் ஆகும்.

தூரிகைத்தம்பி:
அதனால்தான் நான் ஏர்கான் அறையில் அடிக்கிறேன்.

பிடோக் அக்கா:
கதவைச் சாத்திக்கொண்டா? அந்தக் காற்றைத்தானே தம்பி ராத்திரி முழுக்கச் சுவாசிக்கிறீர்கள்?

கவசப்படை முன்னாள்:
அக்கா சொல்வதைக் கேள். ஜன்னலுக்கு வெளியே காற்றைத் தள்ளும் விசிறிப்பெட்டி ஒன்று வாங்கு, இல்லை தூரிகைக்கு மாறு.

தூரிகைத்தம்பி:
பெட்டி வாங்குகிறேன். துருவை மட்டும் அழிக்க மாட்டேன். அடுத்து ஏஎம்எக்ஸ்-13 என்ற பிரெஞ்சு இலகு டாங்கியைச் செய்கிறேன். அது எஃகு, அதனால் அண்ணன் வாயைத் திறக்க முடியாது. 1969 தேசிய தினத்தில் பாடாங் திடல் அணிவகுப்பில் போன 18 டாங்கிகளில் ஒன்று.

கவசப்படை முன்னாள்:
முதலில் அதன் பீரங்கிக் கோபுரத்தைப் பார். மேல்பாதி, கீழ்பாதி என்று இரண்டு துண்டு. பீரங்கி மேல்பாதியோடு சேர்ந்து மொத்தமாக ஏறி இறங்கும். நடு இடைவெளியை மூடியிருக்கும் மடிப்பு உறை வளைந்துகொடுக்கும் பொருள், இரும்பு இல்லை. அதற்கும் வண்டிப் பச்சையைப் பூசிவிடாதே.

அப்புறம், அணிவகுப்பு வண்டி என்றா சொன்னாய்? முதல் நாள் ராத்திரி அதை எப்படித் தேய்த்திருப்பார்கள் என்று யோசித்தாயா? ஒரு புள்ளி துரு இருக்காது.

தூரிகைத்தம்பி:
சரி அண்ணே. அப்படியென்றால் அணிவகுப்பு முடிந்து, பயிற்சிக்குப் போய், இன்னும் கழுவாத வண்டி.

கவசப்படை முன்னாள்:
அது சேறு. துரு இல்லை.