'பாரோ': புதைமேடா, பதுக்கையா?

அன்பர்களுக்கு வணக்கம். ஒரு மிகுபுனைவு நாவலின் மொழிபெயர்ப்பை வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். ஆங்கிலோ-சாக்சன் மன்னர்களைப் புதைத்து, மேலே மண் குவித்து எழுப்பிய மேட்டுக்கு ஆங்கிலத்தில் 'பாரோ' என்று பெயர். ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் வழிவந்த கதைகளில் அடிக்கடி வருகிறது. அப்படியே எழுதினால் எகிப்து மன்னன் வந்து நிற்கிறான். 'சமாதி' என்றால் சித்தர் வருகிறார். நல்ல சொல் தாருங்கள்.
— ம.

அம்மா, புறநானூற்றிலேயே இருக்கிறது: பதுக்கை. 'பரலுடை மருங்கின் பதுக்கை சேர்த்தி' (264). பதுங்கு, பதுக்கு, பதுக்கை என்று வேர் பிடித்துப் போங்கள். மறைத்து வைத்ததெல்லாம் பதுக்கைதான். பழைய ஆங்கிலக் காவியமான பியோவுல்ஃபில் அழிந்த குலத்தின் கடைசி மனிதன் பொன்னை மேட்டுக்குள் மறைக்கிறான். டிராகன் அதை முந்நூறு ஆண்டுகள் காக்கிறது. ஒருவன் ஒரு கிண்ணத்தைத் திருடியதும் ஊரை எரிக்கிறது. 1937இல் வந்த டோல்கீனின் 'ஹாபிட்' கதையில் பில்போ கிண்ணம் திருடுவது இதன் வழித்தோன்றல்தான். பிணம், பொன் இரண்டையும் ஒரே சொல் தாங்குகிறது. வேறென்ன வேண்டும்?
— செ.

> வேறென்ன வேண்டும்?

வாசகர் வேண்டும் ஐயா. இன்று 'பதுக்கை' என்றால் ரேஷன் அரிசிப் பதுக்கல்தான் நினைவுக்கு வரும். தவிர, பதுக்கை என்பது பிணத்தை மூடிய கற்குவியல். 1939இல் இங்கிலாந்தின் சட்டன் ஹூவில் அகழ்ந்தது மண்மேடு. உள்ளே 27 மீட்டர் நீளக் கப்பல். மரம் மட்கிப்போய், இரும்பு ஆணி வரிசையும் மணலில் பதிந்த பலகைத் தடமும்தான் மிஞ்சியிருந்தன. புறம் 3இல் வரும் 'அம்பு விட வீழ்ந்தோர் வம்பப் பதுக்கை' வழிப்போக்கர்களுடையது. மன்னனை அங்கே கிடத்துவீர்களா? 'புதைமேடு' போதும், பள்ளிப் பிள்ளைக்கும் புரியும்.
— ரா.

264இல் கிடப்பவன் ஆநிரை மீட்ட 'நெடுந்தகை'. அவனுக்குப் பொருந்தியது சாக்சன் மன்னனுக்குப் பொருந்தாதா? டிராகனின் மேட்டுக்குள் கல்வளைவுகள் நிற்பதாகப் பியோவுல்ஃபே சொல்கிறது. கல்லும் இருக்கிறது!
— செ.

இடையில் ஒன்று. அந்த டிராகனைக் காவியம் 'மேட்டின் மேய்ப்பன்' என்றே அழைக்கிறது. டோல்கீன் மேட்டுக்குள் குடிவைத்த 'வைட்' எனும் ஆவிக்கும் சொல் வேண்டுமே? பழைய ஆங்கிலத்தில் அது வெறுமனே 'உயிர்' என்றுதான் பொருள்பட்டது. இடத்தில் உறைந்து வருத்தும் ஆற்றல் என்பதால் 'அணங்கு' என்பேன்.
— இ.

'அணங்கு' என்றதும் அழகிய பெண் நினைவுக்கு வந்துவிடும். 'மேட்டுப்பேய்' என்று வையுங்கள்.
— ரா.

நன்றி. உரைநடையில் 'புதைமேடு', பாடல்களில் மட்டும் 'பதுக்கை' என்று வைத்து அனுப்புகிறேன். பேய் இன்னும் முடிவாகவில்லை.
— ம.

பெரும்பான்மை அதுவென்றால் சரி. ஆனால் 'புதைமேடு' என்பதில் பொன் இல்லை. காவிய நாயகன் பியோவுல்ஃபின் உடலை எரித்தபின் அந்தப் பொன்னையும் உள்ளே வைத்துத்தான் பத்து நாளில் மேடு எழுப்பினார்கள். அடுத்த பதிப்பு வரும்போது மறுபடி கேட்பேன்.
— செ.