புதுப்பிப்பு: பாண்ட் நாவல்களில் எது முதலிடம்?

இயன் ஃபிளெமிங்கின் ஜேம்ஸ் பாண்ட் உளவு நாவல்களில் 1953இல் வந்த ‘கேசினோ ரோயல்’தான் சிறந்தது என்று முன்பு எழுதியிருந்தேன். 1957இல் வந்த ‘ஃப்ரம் ரஷ்யா வித் லவ்’வைத் திரும்ப வாசிக்கச் சொன்னீர்கள். சரி என்று கல்லடி வாவிக்கரையில் இருந்து மூன்று பின்னேரங்களில் முடித்தேன். கருத்து மாறிவிட்டது.

முதல் பத்து அத்தியாயங்களில் பாண்ட் நேரில் வருவதே இல்லை. அவனைக் கொல்ல நினைப்பவர்கள் மேசையைச் சுற்றி இருந்து திட்டம் போடுகிறார்கள். அவனுடைய படம்தான் கைமாறுகிறது. பதினோராவதில் அவன் வரும்போது நமக்குச் சதி தெரியும், அவனுக்குத் தெரியாது. அந்தப் பதைப்பு வேறெதிலும் எனக்கு வரவில்லை. கடைசியில் நஞ்சேறி நிலத்தில் சாய்கிறான், அத்தோடு கதை நிற்கிறது. அடுத்த நாவல் 1958இல்தான்! அதுவரை காத்திருந்த வாசகர்களை நினைத்துப் பார்த்தேன்.

இன்னொரு பாண்ட் நாவலான ‘மூன்ரேக்கர்’தான் சிறந்தது என்று சொன்ன அண்ணா, அதன் சீட்டாட்டம் அருமை, ஓம். ஆனால் முதலிடம் இதற்குத்தான்.